கோட்டம்மா காட்டிய படம்

அந்தப் பேருந்து நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், குடிதண்ணீர் இயந்திரத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஓர் அறை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க மூலையில் ஒரு வாளி, ஒரு சக்கரம் போன நாற்காலி, இரண்டு கணினித் திரைகள். அதற்குள் பதினான்கு வருடமாக ஒரு பெண்மணி உட்கார்ந்து கோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. வாயில் புழங்கியது கோட்டம்மா என்பதுதான். கோடு பார்க்கிற அம்மா. யார் இந்தப் பெயரை வைத்தது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

வேலை என்னவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வேண்டாம். ஊர் ஊராகப் போகும் பேருந்துகளில் ஜனங்கள் கைபேசியிலேயே இடம் பிடிக்கிறார்கள் இல்லையா, அந்தக் கோரிக்கைகள் எல்லாம் கீழ்த்தளத்துக் குளிர் அறையில் இருக்கும் ஒன்பது கணினிகளுக்கு வந்து சேரும். ஒன்றுக்குப் பதில் போவதற்குள் அடுத்தது வந்தால் அது வரிசையில் நிற்கும். மூன்று நின்றாலும் ஐந்து நின்றாலும் ஒன்றும் இல்லை, கண் மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். ஐந்நூறைத் தொட்டால் மட்டும் கதை முடிந்தது. ஒன்பதும் திகைத்து நின்றுவிடும். யாருக்கும் இடம் கிடையாது, பேருந்து நிலையத்தில் கூச்சல்தான் கிடைக்கும்.

கோட்டம்மா சேர்ந்த முதல் இரண்டு வருடங்களில் அப்படிப் பலமுறை நின்றிருக்கிறது. அப்புறம் அவள், யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாக இணையத்தில் விட்டிருந்த ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்தாள். பழைய சாமான் அறையிலிருந்து ஒரு கணினியைத் தூசி தட்டி எடுத்து, அதில் ஏற்றினாள். யாரும் செய்யச் சொல்லவில்லை, செய்ததற்கு யாரும் திட்டவும் இல்லை. அது சில நொடிக்கு ஒருமுறை ஒன்பது இயந்திரங்களையும் தட்டி, வரிசையில் எத்தனை, உடம்பு எவ்வளவு சூடு, வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று விசாரிக்கும். வந்த பதிலையெல்லாம் கோடாக வரைந்து பிரவுசரில் ஒரு பக்கமாகக் காட்டும். அலுவலகத்தில் அதற்குப் ‘படம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பெயரால் வீட்டில் அவள் பட்ட பாடு தனி. வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒருநாள் அவரிடம், “ஏங்க, இன்னைக்குப் படம் பார்க்க வேற ஆள் இல்ல, வர நேரமாகும்” என்று போனில் சொல்லிவிட்டாள்.

“ஆபீஸ்ல உக்காந்து படம் பார்க்கச் சம்பளமா? எனக்கும் ஒரு டிக்கெட் போடேன்” என்றார் அவர். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், “என்ன, இடைவேளையா?” என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை ஆனது. பன்னிரண்டு வருடமாக அதே நகைச்சுவை. மனிதர் சலிக்கவே இல்லை.

ஆனால் அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அது வேடிக்கை பார்ப்பது அல்ல. ஊரையே கோட்டில் படித்தாள். காலை பத்தேகாலுக்கு ஒரு சின்ன மேடு எழுந்தால், அலுவலகங்களில் வருகைப் பதிவு முடிந்து ஜனங்கள் மேசைக்கடியில் கைபேசியை எடுத்துவிட்டார்கள் என்று பொருள். பதினொன்றுக்கு இன்னொரு மேடு, மேலதிகாரிகள் தேநீருக்குப் போயிருப்பார்கள். மழை கொட்டினால் கோடு தாழும், விட்டதும் எழும். ஒருமுறை குளிர் அறையின் சூட்டுக் கோடு தினமும் சரியாக ஒன்றரைக்கு ஏறி இரண்டேகாலுக்கு இறங்குவதைக் கவனித்தாள். நான்கு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் ஒன்றரைக்குக் கீழே போனாள். காவலாளி அந்த அறைக் கதவை ஒரு செங்கல் வைத்துத் திறந்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு, குளுகுளுவென்று வரும் காற்றில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயையோ, மேல சொல்லிடாதீங்கம்மா!” என்று எழுந்துவிட்டார்.

“யார்கிட்டயும் சொல்லலைங்க. கதவைச் சாத்திட்டு உள்ளயே உக்காந்து சாப்பிடுங்க. தண்ணிய மட்டும் கொட்டிடாதீங்க” என்றாள். மறுநாளிலிருந்து கோடு சமதரை. விஷயம் அவளுக்கும் காவலாளிக்கும் செங்கலுக்கும் மட்டும் தெரியும்.

இப்படித்தான் அவள் எதையும் நடப்பதற்கு முன்னாலேயே பிடித்துவிடுவாள். வீட்டிலும் அதே கதை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். பால் சுருதி மாறும் ஒரு சத்தம் உண்டு, பொங்குவதற்கு ஒரு நொடி முன்னால். அந்த நொடியில் அடுப்படியில் நிற்பாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டில் ஒருநாள்கூடப் பால் பொங்கி வழிந்ததில்லை. அதனால் வீட்டில் மற்றவர்கள் பாலைப் பற்றி என்ன நினைத்திருந்தார்கள் என்றால், பால் என்பது சூடானதும் தானாக அடங்கிக்கொள்ளும் ஒரு சாதுவான வஸ்து என்று நினைத்திருந்தார்கள். கல்லூரியில் படிக்கிற மகள் ஒருமுறை தோழியிடம், “எங்க வீட்டுப் பால் பொங்காதுடி, வேற கம்பெனி” என்று சொன்னதைக் கோட்டம்மா தன் காதாலேயே கேட்டாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வீட்டுக்காரரே அவ்வப்போது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே புலம்புவார். “லிஃப்ட் ஓடுற வரைக்கும் நம்மள எவனும் சீண்ட மாட்டான். நின்னாத்தான் லிஃப்ட்காரன் மூஞ்சி ஞாபகம் வரும். உள்ள மாட்டிக்கிட்டவனை வெளிய எடுத்துவிட்டா மட்டும் கையெடுத்துக் கும்பிடுறான்.” சொல்லிவிட்டு, அடுப்பில் சாதுவாக இருந்த பாலில் போட்ட தேநீரைக் குடிப்பார்.

அலுவலகத்தில் கையெடுத்துக் கும்பிடப்படுகிறவர் ஒருவர் இருந்தார். சரக்குப் பிரிவின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். அவருக்குத் ‘தீயணைப்பு’ என்று பட்டப்பெயர். மாதத்துக்கு இரண்டுமுறை அவருடைய இயந்திரங்கள் படுத்துவிடும். உடனே மனிதர் முழுக்கைச் சட்டையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு, இரண்டு காதிலும் இரண்டு போனோடு, படியில் இரண்டிரண்டாகத் தாவி ஓடுவார். மூன்று மணி நேரம் கழித்து வியர்த்து வழிய வெளியே வந்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார். கூடம் முழுக்கக் கைதட்டும். நல்ல மனிதர்தான், வஞ்சகம் இல்லாதவர். தன் இயந்திரங்கள் ஏன் விழுகின்றன என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை, எழுப்புவதற்கே நேரம் சரியாக இருந்தது.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அழாத பிள்ளையை வைத்திருந்த கோட்டம்மாவுக்கு வந்தது, பதினான்காம் வருடத்தில் ஒரு புதிய மேலாளர்.

வந்த வாரமே அவர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கீழே வரவேற்புக் கூடத்தில் ஒரு பெரிய டிவியை மாட்டி, அதில் கோட்டம்மாவின் படத்தை ஓடவிட்டார். இரண்டாவது, பிரிவுகளைச் சேர்த்து ஆட்களைக் குறைக்கத் தலைமை அலுவலகம் யோசிக்கிறது என்று எல்லாரையும் கூட்டிச் சொன்னார். அப்புறம் கோட்டம்மாவை மட்டும் தன் அறைக்கு அழைத்தார்.

“மேடம், நான் நாலு நாளா டிவியப் பார்க்குறேன். ஒரு கோடு கீழ படுத்துக்கிட்டு இருக்கு. அசையவே மாட்டேங்குது. வர்ற போறவங்க டிவி கெட்டுப்போச்சான்னு கேக்குறாங்க.”

“அது நல்லதுதானே சார். அசையாம இருக்கணும்னுதானே நான் இருக்கேன்.”

“உங்களுக்குப் புரியுது, எனக்கும் புரியுது. தலைமை அலுவலகத்துல இருந்து வந்து பார்க்குறவங்களுக்குப் புரியணுமே. ஒண்ணுமே நடக்காத எடத்துக்கு எதுக்கு ஒரு ஆள்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? தீயணைப்பையே இதையும் சேர்த்துப் பார்த்துக்கச் சொல்லிடலாம்பாங்க.” குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் படம் காட்டணும் மேடம்.”

கோட்டம்மா தன் அறைக்கு வந்து, ஒரு சக்கரம் போன நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். வேறு பிரிவில் வேறு நாற்காலி கிடைக்கும், தெருவில் நிற்கப்போவதில்லை, அது அவளுக்கும் தெரியும். ஆனால் இந்தக் கோடு? பத்தேகால் மேட்டையும் ஒன்றரை மணிச் சூட்டையும் தெரிந்த ஆள் வேறு யார்? தீயணைப்பின் கையில் கொடுப்பதும் கைக்குழந்தையைக் கயிற்றில் நடக்கிறவனிடம் கொடுப்பதும் ஒன்றுதான். அவளுக்கு அந்த இடம் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், உயிருக்கு அடுத்தபடியாக வேண்டும்.

படத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். இடப்பக்கம் நிற்கும் அளவுகோலை அவள் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு பூஜ்யத்திலிருந்து ஐந்நூறு வரை என்று கட்டிப்போட்டிருந்தாள். ஐந்நூறில்தானே ஆபத்து. ஐந்நூறு உயரத்தில் ஐந்து பேர் நின்றால் கோடு தரையோடு தரையாகத்தான் தெரியும், அதுதான் நியாயமும்கூட. அதன் கீழே ஒரு சின்னக் கட்டம். ‘அளவைத் தானாக எடுத்துக்கொள்’ என்று அர்த்தம். அதில் டிக் போட்டால், உள்ளதில் பெரிய எண் எதுவோ அதுவே படத்தின் உச்சியாகிவிடும். எட்டுதான் பெரிசு என்றால் எட்டே வானம்.

சுற்றுமுற்றும் பார்த்தாள். வாளியில் ஒரு சொட்டு விழுந்தது. டிக் போட்டாள்.

அடேயப்பா! மூன்றும் ஐந்தும் எட்டும் திரை முழுக்க எழுந்து நின்றன. சிகரம், பள்ளத்தாக்கு, மறுபடி சிகரம். எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இடது ஓரத்தில் உச்சிக்கு நேராக ‘8’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். அடுத்த ஆறு மாதத்தில் அந்த எட்டைப் படித்தவர் யாரும் இல்லை.

மறுநாளே மேலாளர் மாடியேறி வந்து, “பிச்சிட்டீங்க மேடம்!” என்றார். வருகிறவர்களையெல்லாம் டிவி முன்னால் நிறுத்தி, “நம்ம ஆளுங்க நிமிஷத்துக்கு நிமிஷம் இந்த மலையோட மோதுறாங்க” என்று விளக்கம் சொன்னார். தீயணைப்பு அவளை மாடிப்படியில் நிறுத்தி, “அக்கா, உங்க பக்கம் இவ்வளவு ஆட்டமா? ஒத்தை ஆளா எப்படிக்கா சமாளிக்குறீங்க?” என்று மனதார வியந்தார். அவளுக்கு நாற்காலிகூட மாற்றிக் கொடுத்தார்கள், நான்கு சக்கரமும் ஓடுகிற நாற்காலி. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இது ஆறு மாதம் ஓடியது. டிவியைக் கடக்கும்போது மட்டும் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். தன் கையெழுத்தைத் தானே திருட்டுத்தனமாகப் போட்டதுபோல ஒரு கூச்சம். தன் திரையில் பழைய ஐந்நூறு அளவிலேயே ஒரு படத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே வேலை செய்தாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வரும் நாளும் வந்தது. ஒரே ஒரு அம்மா, நரைத்த முடி, கையில் ஒரு குறிப்பேடு. காலை பதினொன்றேகாலுக்குக் கூடத்தில் நுழைந்தார்.

பதினொன்று பத்துக்கு மாடியில் கோட்டம்மாவின் திரையில் கோடு எழுந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்வதற்குள் நாற்பது. எழுந்து நிற்பதற்குள் நூற்றுப்பத்து. எங்கோ ஒரு பயண முகவரின் கணினிக்குக் கிறுக்குப் பிடித்து, ஒரே பேருந்தில் ஒரே இடத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பதில் சொல்லச் சொல்ல, செவிடன்போல மறுபடி மறுபடி கேட்டது. எந்த முகவர் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் அந்த ஒரு கதவை மட்டும் சாத்த வேண்டும். இருநூற்று அறுபது.

மேசைமேல் போன் அடித்தது. மேலாளர்.

“மேடம், படம் படுத்துக்கிச்சு! மலையெல்லாம் எங்க போச்சு? அந்தம்மா வந்து முன்னாடி நிக்கிறாங்க. சீக்கிரம் எழுப்பிவிடுங்க!”

அவளுக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, விளங்கியபோது சிரிப்பு வந்தது, அந்த நேரத்திலும். உள்ளதில் பெரிசுதானே வானம்? இப்போது இருநூற்று அறுபது வானமாகிவிட்டது. ஆறு மாதமாக மலையாக நின்ற எட்டெல்லாம் தரையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நிஜமான ஆபத்து வந்த அன்றுதான் படம் அமைதியாக இருந்தது.

“சார், நெஜமாவே ஒண்ணு வந்திருக்கு. பத்து நிமிஷம் குடுங்க.”

“என்கிட்ட ஏது பத்து நிமிஷம்! இப்ப ஏதாவது அசையணும் மேடம், ஏதாவது...”

போனை மேசைமேல் வைத்தாள். அவர் மேசையோடு பேசிக்கொண்டிருந்தார். முந்நூற்றைம்பது. நானூறு. அவசரத்தில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். நானூற்று எழுபத்து மூன்றில் அந்த முகவரின் கதவு சாத்திக்கொண்டது. கோடு ஒரு நிமிடம் யோசித்தது. அப்புறம் சரசரவென்று இறங்கியது. ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. நாலைந்து பேர் கைபேசியைக் கூடுதலாக இரண்டு நொடி முறைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கூடத்தில் மேலாளரும் அந்த அம்மாவும் டிவி முன்னால் நின்றிருந்தார்கள். படம் முழுக்கச் சமதரை, வலது ஓரத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒல்லியாக ஒரே ஒரு கோடு.

“அந்த ஒத்தைக் கோடு என்னது?” என்று அந்த அம்மா கேட்டார்.

மேலாளர் யோசிக்கவே இல்லை. “டிவி கோளாறு மேடம். வாங்கும்போதே சொன்னேன், ஓரத்துல கோடு விழுந்துரும்னு. நாளைக்கு மாத்திடுவோம். மத்தபடி தினமும் வந்து பாருங்க, மலை மலையா இருக்கும். இன்னைக்குன்னு பாத்து இப்படி...” என்றவர், கோட்டம்மாவைப் பார்த்ததும், ‘ஆமாம் என்று சொல்’ என்பதுபோலக் கண்ணைச் சிமிட்டினார்.

அந்த அம்மா திரும்பினார். “நீங்கதான் இதைப் பார்த்துக்குறவங்களா? டிவி கோளாறா இது?”

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒருநாள் போனால் அந்தக் கோடு படத்தைவிட்டு நகர்ந்துவிடும், மலைகள் திரும்ப எழும், நாற்காலி நிலைக்கும். இல்லை என்றால், ஆறு மாதப் புளுகையும் தன் வாயாலேயே உடைக்க வேண்டும். கோட்டம்மா அந்த ஒல்லிக் கோட்டைப் பார்த்தாள். பதினான்கு வருட வேலையின் ஒரே ஒரு நிஜமான படம் அதுதான், அதைப்போய் டிவி கோளாறு என்கிறார் இந்த மனுஷன்! அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“டிவி நல்லாத்தாங்க இருக்கு. அந்தக் கோடு மட்டுந்தான் நெஜம். இத்தனை நாளா நின்ன மலைங்கதான் கோளாறு.”

மேலாளர் இருமினார். கோட்டம்மா நிற்கவில்லை. இடது ஓரத்துப் பொடி எழுத்துகளைக் காட்டினாள். நேற்றுவரை உச்சி எட்டு, இன்றைக்கு நானூற்று எழுபத்து மூன்று, ஐந்நூறுதான் எல்லை என்று சொன்னாள். டிக் போட்டது தான்தான் என்றும் சொன்னாள். ஏன் போட்டாள் என்று மட்டும் சொல்லவில்லை, மேலாளரும் அதைக் கேட்டு வற்புறுத்தவில்லை.

அந்த அம்மா சூட்டிகையானவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். “ஐந்நூறு ஆயிருந்தா?”

“எல்லாம் நின்னுருக்கும்.”

“நின்னுச்சா?”

“இல்லீங்க. புடிச்சிட்டேன்.”

“இதுக்கு முன்னாடி எப்ப நின்னுச்சு?”

“பன்னெண்டு வருஷமா ஒருதடவகூட நிக்கலீங்க.” யாரும் இதுவரை அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

“பன்னெண்டு வருஷம்!” அந்த அம்மா புருவத்தை உயர்த்தி, குறிப்பேட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டுக்கொண்டார். “நேர்மையாச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கோட்டம்மா படியேறும்போது கால் தரையில் பாவவில்லை. உண்மைக்கு ஒரு காலம் வரத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நல்ல மொழியில், மரியாதையாக எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒருமுறைகூடக் கோளாறு ஏற்படாத ஒரு பிரிவுக்குத் தனியாக ஓர் ஆள் தேவைப்படவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு, நெருக்கடிகளைச் சமாளிப்பதில் நீண்ட அனுபவம் உள்ள சரக்குப் பிரிவு அலுவலரிடம் ஒப்படைக்கப்படுகிறது. கோட்டம்மாவுக்குப் புகார்ப் பிரிவில் இடம். கடைசி வரியில், வரவேற்புக் கூடத்துக்குப் புதிய டிவி வாங்க அனுமதி.

பொறுப்பை ஒப்படைக்க அவள் நாற்பது பக்கம் கையால் எழுதினாள். பத்தேகால் மேடு, கிறுக்குப் பிடித்த முகவர், ஒன்றரை மணிச் சூடு, எல்லாம் எழுதினாள், காவலாளியை மட்டும் விட்டுவிட்டாள். தீயணைப்பு நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, “எதுக்குக்கா இவ்வளவு சிரமம்? விழுந்தா ஓடிவந்து பார்த்துக்கலாம்க்கா, நான் இருக்கேன்ல” என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னார், திட்டக்கூட வாய் வரவில்லை.

அன்று மாலை வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடித்தாள். பால் சுருதி மாறியது. கேட்டாள். எழுந்திருக்கவில்லை. ஒரு சட்டையை மடித்து வைத்து அடுத்த சட்டையை எடுத்தாள். உஸ்ஸென்று ஒரு சத்தம், கருகல் வாடை, கூடத்திலிருந்து வீட்டுக்காரர் ஓடும் காலடி.

“ஐயோ, பால்! ஏய், பால் பொங்குது பாரு! இரு இரு, நான் அணைச்சிட்டேன்! யாரும் கிட்ட வராதீங்க!”

அடுப்பைத் துடைத்தார், மேடையைத் துடைத்தார், தரையையும் துடைத்தார். “நல்லவேளை, நான் இருந்தேன்” என்று இரவுச் சாப்பாட்டின்போது மூன்றுமுறை சொன்னார். மகள், “அப்பா சூப்பர்ப்பா” என்றாள். நடுவில் மாடி வீட்டுக்காரரிடமும் போனில் சொன்னார். கோட்டம்மா முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்னடி, பாலுக்கா அழுவுற? அரை லிட்டர்தானே” என்றார்.

“நின்னாத்தான் லிஃப்ட்காரன் மூஞ்சி ஞாபகம் வரும்னு சொல்வீங்களே. இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுல பால் ஏன் பொங்கலைன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?”

அவர் பிசைந்த சோற்றை விட்டுவிட்டு அடுப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அடக் கடவுளே” என்றார். அதன்பிறகு ‘இடைவேளையா’ என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பள்ளிக்கூட விடுமுறை தொடங்குவதற்கு முந்தின நாள், ஒன்பது இயந்திரங்களும் விழுந்தன. வேலை நேரத்தில், பட்டப்பகலில். சட்டையைச் சுருட்டிக்கொண்டு தீயணைப்பு ஓடினார். நான்கு மணி நேரம் கழித்து வெளியே வந்து கட்டை விரலைக் காட்டினார். மேலாளர் எல்லாரையும் கூடத்தில் நிறுத்தி, அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார். கோட்டம்மாவும் கைதட்டினாள், தட்டாமல் இருந்தால் பொறாமை என்பார்கள்.

கைதட்டி முடித்துத் தன் இடத்துக்கு வந்தாள். புகார்ப் பிரிவில் அதுவரை நாளைக்குப் பதினோரு புகார் வரும். அன்று வந்தவை இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. பழைய சாமான் அறையில் இன்னும் ஒரு கணினி இருந்தது. அதே மென்பொருளை அதில் ஏற்றி, புகார்களின் எண்ணிக்கையைக் கோடாக வரையவிட்டாள். அளவைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, கை வைக்காமல் விட்டாள். எந்த டிக்கும் தேவைப்படவில்லை. மலை தானாகவே மலையாக இருந்தது. அடுத்த வாரம் மறுபடி விழுந்தது, இன்னொரு மலை. அதற்கடுத்த வாரமும்.

தலைமை அலுவலகம் புகார்க் கணக்கைக் கேட்டிருந்தது. மேலாளர் அவள் மேசைக்கே வந்து, திரையைப் பார்த்து, எச்சில் விழுங்கினார்.

“மேடம், அன்னைக்கு ஒரு டிக் போட்டுக் கடுகை மலையாக்கினீங்க இல்ல? அதே மாதிரி, இந்த மலையைக் கடுகாக்க ஒரு டிக் இருக்குமா?”

“அதே டிக்தான் சார். ஆனா அது வேலை செய்யணும்னா, இதையெல்லாம் விடப் பெரிசா ஒண்ணு வரணும். அது வந்துட்டா இதெல்லாம் தானா தரையில படுத்துக்கும்.”

மேலாளர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. “அப்படியா? அது எப்ப வரும் மேடம்?”

“தெரியலீங்க சார்” என்றாள் கோட்டம்மா, அடுத்த புகார்க் கடிதத்தைப் பிரித்துக்கொண்டே. “வர்றதுக்கு முன்னாடியே பார்த்துச் சொல்ல ஒரு ஆள் மாடியில இருந்தா. நீங்கதான் எடத்தை மாத்திட்டீங்க.”